நோவுக்கு வலி என்று சொன்னவன்

இதைத் தட்டச்சுச் செய்யப்போகிற ஆசிரியை முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்தை வாசிக்கக் கண் நோகும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு தமிழில் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்கள்தான். அவற்றிலும் நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம் என்பதற்கு மேல் அதிகம் இருக்காது. ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒரே மாதிரித்தான் வரும். ஆகவே கையிலும் அப்படித்தான் வரும். பிழைகளைத் திருத்திப் போடுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் நானே சரியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கதையே அந்தச் சொல்லால் வந்ததுதான். அதனால் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "வலி எண்டதுக்கு எந்த ல போடுறது?" என்று கேட்டேன்.

"பல்லுக்கு வாற ல, அப்பா. மற்றதைப் போட்டால் காத்து. அதுக்கும் மற்றதைப் போட்டால் றோட்டு."

அவள் நம்முடைய சனிக்கிழமைப் பாடசாலையில் படித்தவள். அங்கே சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

ஆண்டு மலருக்குப் பெற்றோரும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது, வழக்கம்போலக் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஆனால் உங்களில் பலர் என்னிடம் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒருவருக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஹனோவரிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சிறிய ஊர். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சட்டி பானை கழுவுகிறேன். மனைவி பள்ளிக்கூடம் ஒன்றைத் துப்புரவு செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். ஜேர்மனியின் சிறிய ஊர்களில் தீயணைக்கும் வேலையை ஊர்ச்சனமே சம்பளமில்லாமல் செய்கிறது. பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. மகள் சின்ன வயதிலேயே அதில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பாடசாலை. பின்னேரம் நீல உடுப்பும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய் சுருட்டப் போய்விடுவாள். அடிபட்டவரை எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டுவது என்று பழகுவதற்கு சோபாவில் கிடக்கிற என்னைத்தான் காயக்காரனாக எடுப்பாள். என் தலையைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, "அப்பா, இப்ப நீங்கள் கதைக்கக் கூடாது. உங்களுக்கு மயக்கம்" என்பாள். கதைக்காமல் இருப்பது எனக்குச் சுலபமான வேலை. நல்ல காயக்காரன் என்று பெயர் எடுத்தேன்.

2006ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், பள்ளிப்படிப்பு முடிகிற நேரத்தில், அவள் எங்களிடம் வந்து இராணுவத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். மனைவி உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்த இராணுவம்?" என்றாள்.

"ஜேர்மன் இராணுவம்தான் அம்மா. காயப்பட்ட ஆக்களைப் பாக்கிற பகுதி."

"காயப்பட்ட ஆக்களைப் பாக்கிறதுக்கு ஆஸ்பத்திரி இருக்குத்தானே?"

"ஆஸ்பத்திரிக்கு அவை உயிரோடை வந்து சேரவேணுமே."

மனைவி என்னைப் பார்த்தாள். "கேட்டியளே? ஆமிக்குப் பயந்து பிளேன் ஏறின மனிசன்ரை பிள்ளை ஆமிக்குப் போகுதாம்."

"அது வேறை ஆமி அம்மா."

"எல்லா ஆமியும் சப்பாத்தோடைதான் வீட்டுக்குள்ளை வாறது."

ஆமி என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் என் கண் முதலில் வாசலைத்தான் பார்க்கும். உங்களில் வயது போனவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மகளோ இங்கே பிறந்தவள். சீருடை போட்டவர்கள் வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்க வருவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

விண்ணப்பம் போட்டாள். உடற்பரிசோதனைக்கு வேறு நகரத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தாள். கதவைத் திறந்தபோதே முகம் சரியில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "என்னை எடுக்கேல்லை" என்றாள்.

"ஏன்?"

அவள் ஒரு நீளமான ஜேர்மன் சொல்லைச் சொன்னாள். எங்களுக்கு விளங்கவில்லை. தமிழில் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. நின்ற நிலையிலேயே இரண்டு கைகளையும் உதறிக் காட்டினாள், கண்ணை மேலே செருகினாள். "இப்பிடி வாற வருத்தம். எனக்குச் சின்னனிலை ராவிலை ராவிலை வந்ததாம். மருந்தும் குடிச்சனானாம். ஆஸ்பத்திரியிலை எழுதியிருக்கு."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் சொன்னது? என்ரை பிள்ளைக்கு ஒருநாளும் வலி வந்ததில்லை!"

வலி. அந்தச் சொல் மனைவியின் வாயிலிருந்து வந்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதிரையில் இருந்தேன்.

மலரை வாசிக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் கால் நோகும், பல் நோகும், வயிற்றுக்குள் நோகும். வலி என்றால் அது வேறு. கையும் காலும் இழுத்து, வாயில் நுரை தள்ளி, ஆள் விழுந்து கிடக்கிற வருத்தத்துக்குத்தான் நாங்கள் வலி என்று சொல்வோம். இந்தியாவில் அப்படியில்லை. அங்கே எல்லா நோவும் வலிதான். இது தெரியாமல் நான் ஒன்றும் பிழை விடவில்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

மகளுக்கு ஐந்து வயது இருக்கும். அப்போது நாங்கள் வேறு ஊரில், அகதிகளுக்குக் கொடுத்த வீட்டில் இருந்தோம். சில இரவுகளில் கால் நோகுது என்று எழும்பி அழுவாள். நல்லெண்ணெயைச் சூடாக்கி முழங்காலுக்குக் கீழே உருவிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவாள். வளர்கிற பிள்ளைகளுக்கு அப்படி வருவதுண்டு என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரியாது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மனைவிக்கு அன்று காய்ச்சல், வரமுடியவில்லை. எனக்கு ஜேர்மன் பாஷை வணக்கம், நன்றி அளவில்தான். அதனால் அகதிகளுக்கு உதவுகிற இடத்திலிருந்து மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள்.

அவர் கண்ணாடி போட்டு, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, காற்சட்டை போட்டிருந்தார். "வணக்கம். அமருங்கள். குழந்தைக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

அமருங்கள் என்ற சொல்லை நான் அதுவரை வானொலியில்தான் கேட்டிருந்தேன். இவர் இந்தியாக்காரர், பெரிய படிப்புப் படித்தவர் என்று முடிவு கட்டிவிட்டேன். படித்தவர்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்குக் கால் நோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த 'நோ' என்ன ஒரு காட்டுப் பேச்சு என்று அந்த நேரம் தோன்றிவிட்டது. படங்களில் எந்தத் தாயாவது நோகுது என்று அழுது கேட்டிருக்கிறோமா? வலிக்குது என்றுதான் அழுவாள். ஆகவே நானும் படத்தில் கதைக்கிற மாதிரியே கதைத்தேன்.

"குழந்தைக்கு ராத்திரியில வலி வருதுங்க. காலுல இருந்து வருது. துடிச்சுப் போயிடுறா. கொஞ்ச நேரத்துல போயிடுது. காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சிடுறா."

'ங்க' கூடப் போட்டேன். சொல்லி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மகளின் தலையைத் தடவினார். டாக்டரிடம் நீளமாக ஏதோ சொன்னார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார், அந்தப் பெண் அதைத் தமிழில் கேட்டார்.

"அப்போது கண் எப்படி இருக்கும்?"

"இறுக்கி மூடிக்குவாங்க."

"பல்?"

"பல்லைக் கடிச்சுக்குவாங்க."

எல்லாம் உண்மை. நோவில் அழுகிற எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். மகளின் தலையில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். காலில் நோவுக்கு ஏன் தலையில் வயர் என்று யோசித்தேன். ஜேர்மன்காரர் படித்தவர்கள், காலுக்கும் தலைக்கும் ஏதோ தொடுப்பு இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இனிப்பான ஒரு பாணி மருந்து தந்தார்கள். நாங்கள் அதற்குக் கால்மருந்து என்று பெயர் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தோம். காலம் போக நோவும் நின்றது. நல்ல மருந்து என்று மனைவி மற்றவர்களுக்கும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது, படிக்கட்டில் அந்தப் பெண் கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "சரி அண்ணை, அப்ப நான் வாறன். பிள்ளையை ராவிலை தனியப் படுக்க விடாதேங்கோ, என்ன?"

எங்கட ஊர்ப் பேச்சு. அச்சொட்டாக எங்கட ஊர்ப் பேச்சு. மொழிபெயர்ப்பு வேலைக்காகத்தான் அந்த 'அமருங்கள்' எல்லாம். என்னுடைய 'ங்க'வுக்குள் இருந்த யாழ்ப்பாணத்தை அவர் முதல் வசனத்திலேயே பிடித்திருப்பார். அதனால்தான் வலியை எங்கள் ஊர் வலியாக எடுத்தார். எனக்கோ அந்த வேளையில் அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் சினிமாக்காரன் மாதிரி வேஷம் போட்டேனே என்ற வெட்கம்தான். என்ன ஊர் என்றுகூடக் கேட்காமல், மகளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டேன். பிறகு டாக்டரைப் பார்க்க நாள் குறித்துத் தந்த தெர்மின்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், நானே சமாளிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. பார்த்திருந்தால் இரண்டாம் தரமே பிழை வெளியில் வந்திருக்கும்.

மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். "துடிச்சுப் போயிடுறாவோ!" என்று என்னைப்போலவே சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப இந்த வருத்தம் எண்டால் அவளை எடுக்கவே மாட்டினமே?"

"மாட்டினம் போலத்தான் கிடக்கு."

"அப்ப நல்லது. வாயைத் திறக்காதேங்கோ."

"அவளுக்கு இல்லாத வருத்தமப்பா."

"இருந்திட்டுப் போகட்டும். ஒரு சொல்லாலை என்ரை பிள்ளை ஆப்கானிஸ்தானுக்குப் போகாமல் வீட்டிலை நிக்குமெண்டால், அந்தச் சொல்லுக்கு நான் கற்பூரம் கொளுத்துவன். உங்களுக்குக் கதைக்காமல் இருக்கிறது புதுசே?"

புதிதில்லை. அதுவும் எனக்குச் சுலபம்தான்.

அந்தக் கிழமை ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற தமிழ்க்கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கல்லாவுக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கிற ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்ன அண்ணை, மகள் ஆமிக்காரியாமே? எங்களைச் சுத்திவளைக்க வரமாட்டாதானே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவசரமாக, "இல்லையில்லை, எடுக்கேல்லை. எடுக்கேல்லை" என்று இரண்டு தரம் சொன்னேன். "அப்பாடா" என்று ஒரு அக்கா சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. வெளியே வந்து குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் வெட்கம் வந்தது. அவள் அழுதது எனக்கு ஆறுதலாகப் போய்விட்டதே என்று.

மகள் விடவில்லை. அவள் அப்படித்தான், குழாய் சுருட்டினாலும் சரியாகச் சுருட்டும்வரை வீட்டுக்கு வரமாட்டாள். இப்படி மறுக்கப்பட்டவர்கள் விதிவிலக்குக் கேட்டு எழுதலாம், அதற்கு அவுஸ்னாமே என்று பெயர் என்று கண்டுபிடித்தாள். நரம்பு டாக்டரிடம் போய் நித்திரையிலும் விழிப்பிலும் தலையைப் படம் எடுத்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் இராணுவ டாக்டருக்கு அது போதவில்லை.

"எல்லா மெஷினும் எனக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்லுது" என்று என்னிடம் வந்து சொன்னாள். "ஆனா அந்த நேரம் மருந்து குடுத்திருக்கு. என்னத்தைக் கண்டு குடுத்தவை எண்டு தெரியாமல் ஓம் எண்டு சொல்ல மாட்டினமாம். கண்ணாலை பாத்தது ஆர் அப்பா?"

"நான்தான்."

"அப்ப நீங்கள் வந்து சொல்லவேணும்."

நான் வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கவில்லை. சமையலறைப் பொறுப்பாளரைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் விட்டிருப்பார். மகள் தனியாகப் போனாள். தகப்பன் இல்லாமல் பேசிப் பயனில்லை என்று இன்னொரு தெர்மின் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் சோபாவில் கிடந்தேன். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். என்னைப் பேசப்போகிறாள், ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை. என் நெற்றியில் கையை வைத்து, கட்டு ஒன்றை அவிழ்க்கிற மாதிரிச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அப்பா, மயக்கம் தெளிஞ்சிட்டுது. இப்ப நீங்கள் கதைக்கலாம்."

நான் எழுந்து இருந்தேன். "அடுத்த தெர்மின் எப்ப?" என்று கேட்டேன். அடுப்படியில் மனைவி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது.

ரயிலில் போகும்போது மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஜேர்மன் சொற்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அந்தக் கட்டிடத்தின் வாசலில் சீருடையோடு ஒரு பொடியன் நின்றான். அவனுக்கு முன்னால் என் கை தானாகவே சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடியது. அவன் கேட்கவே இல்லை. "குட்டன் டாக்" என்றுதான் சொன்னான்.

டாக்டர் நரைத்த மீசைக்காரர். சீருடைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. மகள் தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தார். அவளுடைய விஷயத்தில் அவளே மொழிபெயர்க்கக் கூடாதாம். முதலில் தகப்பன் தனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்லட்டும் என்றார்.

நான் சொன்னேன். "கிண்ட். நாக்ட். பைன். ஷ்மெர்ஸ்." பிள்ளை, இரவு, கால், நோ. அதோடு அடுக்கி வைத்த சொல்லெல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் அவர் கண்ணில் இருந்த கேள்வி எனக்கு விளங்கியது. அது வெறும் நோ என்றால், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய்?

அதைச் சொல்ல என்னிடம் ஜேர்மன் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, மகளே சொல்லட்டும், தேவைப்பட்டால் பிறகு சரிபார்க்கலாம் என்று அவர் இறங்கிவந்தார்.

ஆகவே என் வெட்கத்தை என் மகளின் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எங்கட பேச்சிலேயே சொன்னேன். "அந்த மனிசியை நான் இந்தியாக்காரி எண்டு நினைச்சிட்டன். எங்கட தமிழ் அவவுக்குப் பட்டிக்காடாத் தெரியுமெண்டு வெக்கப்பட்டு, படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைச்சிட்டன். நோ எண்டு சொல்லவேண்டிய இடத்திலை வலி எண்டு சொல்லிப்போட்டன்."

மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அப்பா, வெக்கப்பட்டது எண்டதையும் சொல்லவோ?"

"சொல்லு. அதுதான் விஷயம்."

சொன்னாள்.

டாக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார், அந்த நேரத்தில் பிள்ளைக்கு நினைவு இருந்ததா, கூப்பிட்டால் பதில் சொன்னாளா.

"பதிலோ?" என்றேன். "என்னைப் பேசுவாள். உங்கட கை சட்டி கழுவிக் கழுவிச் சொரசொரப்பு, அம்மாவை உருவச் சொல்லுங்கோ எண்டு பேசுவாள். மெல்ல உருவினால் காணாது எண்டுவாள், அமத்தினால் கூடிப்போச்சு எண்டுவாள்."

மகள் இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. டாக்டரும் சிரித்தார். வலி வந்த பிள்ளை தகப்பனின் கையில் குறை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, இந்த முறை மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். அவர் தெற்குப் பக்கத்து ஆளாம். அவருடைய ஊரில் ஃபூஸ் என்றால் பாதம் மட்டும் இல்லை, இடுப்பிலிருந்து கீழே முழுக்கவும் ஃபூஸ்தானாம். வடக்கே வந்து முதல் வருடம், தொடையில் அடிபட்ட தனக்குப் பாதத்தைப் படம் எடுத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

"திருத்திச் சொல்லேல்லையோ?" என்று மகளைக் கொண்டு கேட்டேன்.

வெட்கமாக இருந்ததாம்.

திரும்பும்போது ரயில் மேடையில் மகள், "அப்பா, அண்டைக்குச் சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ" என்று கேட்டாள். முதலில் மாட்டேன் என்றேன். பிறகு சொல்லிக் காட்டினேன். 'ங்க' வந்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன். அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் என்னை நம்பாமல் விட்டால் நல்லது என்று என் மனதின் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்தது. வாய் ஒன்றைச் சொல்ல மனம் இன்னொன்றைக் கேட்டது. அதை இப்போது அவள் இங்கே வாசிக்கட்டும்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "சொல்லிப்போட்டியளோ?"

"சொல்லிப்போட்டன்."

"நல்லது. பதினெட்டு வருஷமாக் கதைக்காத மனிசன் கதைக்க வெளிக்கிட்ட நாள் இது."

அதன் பிறகு கன நாள் என்னோடு அவள் கதைத்தது 'சாப்பாடு மேசையிலை' என்ற இரண்டு சொல்தான்.

கோடையில் பதில் வந்தது. விதிவிலக்குக் கொடுத்திருந்தார்கள். மகள் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். மனைவி அவளுக்கு மூன்று சோடி கம்பளிக் காலுறை வாங்கிவந்து கட்டிலில் வைத்தாள். இலையுதிர்காலத்தில் மகள் போய்விட்டாள்.

முதல் நீண்ட நடைக்குப் பிறகு தொலைபேசி எடுத்தாள். முதுகில் பாரத்தோடு காட்டுக்குள்ளே நடக்க விட்டார்களாம். "கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"நோகுது அப்பா." கொஞ்சம் நிறுத்தி, "நோ. விளங்கினதே? ஆஸ்பத்திரியிலை போய் வேறை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

மனைவி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள். "எண்ணெய் தந்துவிட்டனான், பூசினியே? சூடாக்கிப் பூசு. ஆரும் உருவிவிட இருக்கினமே அங்கை?" அங்கே ஒரு பெண்பிள்ளை உருவிவிடுகிறாளாம், அப்பாவைவிட நல்ல கையாம். மனைவி அதை என்னிடம் திருப்பிச் சொன்னாள். கன நாளைக்குப் பிறகு எனக்குச் சொன்ன முதல் முழு வசனம் அதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆனால் சொல்ல வந்தது இனித்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஆவணி மாதம், நல்ல வெய்யில். முகாமிலிருந்து நேராக வருகிறேன், உடுப்பு மாற்ற நேரமில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். நான் ரயில் நிலையத்துக்குப் போகும்போது என்னுடைய மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வானத்தில் ஒரு முகில் இல்லை. அவள் பச்சைப் புள்ளி உடுப்போடும் சப்பாத்தோடும் இறங்கி, சிரித்துக்கொண்டு வந்தாள். நான் கோட்டை நீட்டினேன்.

"எனக்குக் குளிரேல்லை அப்பா."

"போடு பிள்ளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த தமிழ்க்கடையைப் பார்த்தாள். கோட்டைப் போட்டு, கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். கை நீளம் கூடி விரல் மறைந்தது. கடை வாசலில் நின்றவர் கூப்பிட்டார்: "என்ன பிள்ளை, இந்த வெய்யிலுக்கை மழைக்கோட்டு?"

"காய்ச்சல்" என்றேன் நான். "அவளுக்குக் காய்ச்சல்."

இரண்டாம் தரமும் என் பிள்ளைக்கு இல்லாத வருத்தத்தை என் வாயால் கொடுத்துவிட்டேன். முதல் தரம் அவளுக்கு ஐந்து வயது, விளங்கவில்லை. இந்த முறை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. அந்த இரவு கடையில் கேட்டவர் மருந்து ஏதும் வேண்டுமா என்று தொலைபேசியில் வேறு விசாரித்தார். நல்ல மனிதர். அவருக்கும் நான் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நன்றி சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் திரும்ப வருகிறாள். உடுப்போடுதான் வருவாளாம். கோட்டு கொண்டு வருவீர்களோ என்று கேட்கவில்லை. இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை இதற்குள் ஒளிந்துகொண்டு இருக்க முடியாது. கடை வாசலில் நின்று வாயாலேயே சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று எழுதி வைத்தால் நாக்கு ஒட்டாது என்று நினைக்கிறேன். எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன்.

என்ரை மகள் ஆமியிலை இருக்கிறாள். காயப்பட்ட ஆக்களைத் தூக்கிற வேலை. நல்ல சுகமா இருக்கிறாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை.

2007 ஐப்பசி 14, ஞாயிற்றுக்கிழமை.